கொடுகொள்ளியின் பத்திரம்

காரைக்காலுக்கு 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காசக்குடி. 1879-ல் அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண். அந்த ஆண்டு புதுச்சேரியைச் சேர்ந்த ழூல் தெ லா ஃபோன் அங்கே ஒரு செப்பேட்டுக் கட்டைக் கண்டெடுத்தார். மொத்தம் 11 ஏடுகள், அவற்றைக் கோத்த ஒரு வளையம், வளையத்தின் முத்திரையில் காளை, காளைக்கு மேலே லிங்கம். காளை பல்லவர்களின் இலச்சினை. ஆனால் ஏடுகள் பேசும் நிலம் காவிரிக் கரையில் இல்லை. வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் இருந்த கொடுகொள்ளி என்ற ஊரின் பத்திரம் அது.

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று ஊற்றுக்காட்டுக் கோட்டம். அதற்குப் பெயர் கொடுத்த ஊர் வாலாஜாபாத் பக்கத்தில் ஊத்துக்காடு என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. வண்டலூரிலிருந்து கிளம்பும் வாலாஜாபாத் சாலை, ஒரகடத்தில் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேற்கே போகிறது. புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் ஷிப்ட் பஸ்களும் ஓடும் அந்தச் சாலை, கொஞ்ச தூரத்தில் அந்தப் பழைய கோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நிலம் கைமாறுவதே பெரிய தொழிலாகிப்போன இந்த வட்டாரத்தில், கைமாறிய ஒரு நிலத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விரிவான பத்திரங்களில் ஒன்று இந்தக் காசக்குடி ஏடு.

எழுதப்பட்டது இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 753 வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லவமல்லன் என்று பெயர் பெற்ற இந்த அரசன் நேர் வாரிசு இல்லை. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமன் வழியில் வந்தவன். குடிமக்கள் தேர்ந்தெடுத்து அரசனாக்கினார்கள் என்று ஏடே சொல்கிறது. அதனால்தானோ என்னவோ, பிரம்மாவில் தொடங்கி அங்கிரஸ், பிருகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் என்று வம்சாவளி இறங்கிக்கொண்டே வருகிறது. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை முறியடித்தது, நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது எல்லாம் வந்துபோகின்றன. தன் சிம்மாசனத்துக்கே தாய்ப்பத்திரம் காட்ட வேண்டியிருந்த ஒருவன், ஊரார் நிலத்துக்குப் பத்திரம் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் புகழ்மாலை முழுக்க வடமொழி. பாடியவர் பெயர் திரிவிக்கிரமர். பாட்டு முடிந்து காரியம் தொடங்கும் இடத்தில் மொழி தமிழாக மாறிவிடுகிறது. எல்லை எது, தண்ணீர் எங்கிருந்து, எந்த வரி கிடையாது என்பதையெல்லாம் வயலில் நிற்கிறவனுக்குப் புரிகிற மொழியில் எழுதாமல் முடியாது. தகராறு வந்தால் எடுத்துப் படிக்கப்போவது இந்தப் பகுதியைத்தான்.

ஏடு பிறந்த விதத்தை அந்தத் தமிழ்ப் பகுதியே சொல்கிறது. முதலில் ஒருவர் அரசனிடம் விண்ணப்பம் செய்ய வேண்டும். இங்கே விண்ணப்பம் செய்தவர் பிரமயுவராஜன். அரசன் இசைந்தால் அதை நிறைவேற்றிவைக்க ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு ஆணத்தி என்று பெயர். இங்கே ஆணத்தி கோரசர்மன். கொடை பெறுகிறவர் பூனி என்ற ஊரில் இருந்த பரத்துவாச கோத்திரத்து ஜ்யேஷ்டபாத சோமயாஜி. கேட்டவர், முடித்துக்கொடுத்தவர், வாங்கியவர் என்று மூன்று பேரின் பெயரும் ஏட்டில் ஏறிவிட்டதால், நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதில் குழப்பமில்லை.

அரசன் வாயால் சொன்னது ஓலையில் ஏறி, கோட்டத்து நாட்டாரிடம் போனது. நாட்டார் என்பவர்கள் அரசன் சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆட்கள் இல்லை. அந்தந்த நாட்டின் நிலக்கிழார்கள். ஓலையை அவர்கள் கண்டு, கொடுகொள்ளிக்குப் போய், நாட்டுத் தலைவன் கைகாட்டிய எல்லையில் ஊரை வலம் வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிற்காலச் சோழர் சாசனங்களில் இந்தச் சடங்கு இன்னும் பெரிதாகிறது. அரசன் திருமுகம், அதாவது ஆணையோலை, வருகிறது என்றால் நாட்டார் எதிரே எழுந்து போய்த் தொழுது, வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வருவார்கள். யானை நடந்த வழி எது என்பதை அந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் மறந்திருக்காது. அதுதான் நோக்கமும்.

கல்லோடு கள்ளியையும் எதற்கு நட வேண்டும்? கல்லை ஒரே ராத்திரியில் நாலு பேர் பெயர்த்து அந்தண்டை நட்டுவிடலாம். வேர்விட்டுப் புதராகிப்போன கள்ளி வரிசையை அப்படி நகர்த்த முடியாது. பால் கசியும் அந்தச் செடியை மாடும் ஆடும் தொடாது. ஒடித்துப் போட்டாலும் துளிர்க்கும். எல்லைக்குக் காவல் வைக்க இதைவிடச் செலவில்லாத ஆள் கிடைக்குமா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை நடந்த எதற்கும் செம்பு தேவைப்படவில்லை. விண்ணப்பம், ஆணை, திருமுகம், நாட்டார் எழுதித் தந்த அறவோலை எல்லாமே பனையோலை. செப்பேடு கடைசியில் வருவது. சில சமயம் மிகவும் தாமதித்து வருவது. நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுப்பதாக முதலாம் இராஜராஜன் வாய்மொழிந்தது அவனது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில். அதைச் செம்பில் வெட்டிவைத்தது அவன் மகன் இராஜேந்திரன். லெய்டன் செப்பேடு என்று நாம் சொல்வது அதைத்தான். அதுவரை அந்தக் கொடை ஓலையிலும் வரிப் பொத்தகத்திலுமாக உயிரோடு இருந்தது. ஆக, நம் அருங்காட்சியகங்களில் இருப்பதெல்லாம் ஒருவகையில் நகல். மூலங்களைக் கறையான் தின்றுவிட்டது.

ஓலையை எப்படி நம்பினார்கள் என்பதை அறிய ஒரு நல்ல சாட்சி இதே வட்டாரத்தில் கிடைக்கிறார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பல்லாவரம் போகும் வழியில் இருக்கும் குன்றத்தூர்க்காரர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் அரசில் பெரிய பதவியில் இருந்தவர். பெரியபுராணத்தில் சுந்தரரைச் சிவபெருமான் தடுத்தாட்கொள்ளும் கதையை அவர் ஒரு வழக்காகவே நடத்துகிறார். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ என்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. வழக்கத்தில் உண்டா, ஆவணம் உண்டா, அயலார் சாட்சி உண்டா என்று சபை கேட்கிறது. ஓலையைச் சபையின் கணக்கனான கரணத்தான் வாங்கிப் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகள் பார்க்கப்படுகின்றன. அதோடு விடாமல், பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து இரண்டு கையெழுத்தையும் ஒப்பிடுகிறார்கள். பக்திக் கதைதான், ஆனால் கோப்புகளோடு காலம் கழித்த ஓர் அதிகாரியின் கை அதில் தெரிகிறது. இறைவனே வாதியாக வந்தாலும் சபை மூல ஆவணம் கேட்கும் என்று அவர் எழுதுகிறார், அதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

இதே காலத்து இங்கிலாந்தில் வேறு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரே தோல்தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு, அந்தச் சொல்லின் குறுக்கே வளைந்து வளைந்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பாதி. தகராறு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். 1195 முதல் மூன்றாவது படி ஒன்றை நீதிமன்றமே வைத்துக்கொண்டது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நம்பாத இடத்தில் அது பொருத்தம். நம்மூரில் சந்தேகத்துக்கு விடை சொல்லும் வேலையைத் தாளின் விளிம்பு செய்யவில்லை. சபை, நாட்டார், கணக்கன், மத்தியஸ்தன் என்று ஆட்களே செய்தார்கள். ஒரகடத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், கி.பி. 919-லும் 921-லும் சபை எடுத்த குடவோலைத் தேர்தல் முடிவுகளைக் கல்லில் வெட்டினார்கள். இதை இருந்து எழுதியவன் நான் என்று அந்த ஊர் மத்தியஸ்தன் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். கூட்டத்தில் அரசனின் அதிகாரி இருந்ததும் பதிவாகிறது. கல்லில் கையெழுத்துப் போட முடியாது என்பதால் ஓலையில் இருந்த ஒவ்வொருவர் கையெழுத்தையும், இது இன்னார் எழுத்து என்று சொல்லிச் சொல்லிக் கல்தச்சன் வெட்டியிருப்பதைக் கோயில் சுவர்களில் பார்க்கலாம். விலை ஆவணம் என்றால், இதுவே ஆவணம், இதைத் தவிர வேறு ஓலை காட்டக்கூடாது என்று ஒரு வரி இருப்பது வழக்கம். இரட்டைப் பத்திரப் பதிவு நேற்று வந்த நோய் இல்லை.

செம்புக்கு வருவோம். அந்த வேலைக்குப் பேர்போன ஊர் காஞ்சிபுரம். 31 ஏடுகள் கொண்ட இராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டை வெட்டியவர்கள் காஞ்சிச் சிற்பிகள்தான். அண்ணன், தம்பிகள், மகன் என்று ஒரே குடும்பம். ஏட்டின் விளிம்பைச் சற்று உயர்த்தித் தட்டிவிடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எழுத்தோடு எழுத்து உரசாது. ஏடுகளில் துளையிட்டு வளையத்தைக் கோத்து, அதன் இரு நுனியையும் முத்திரைக்குள் பொதித்து மூடிவிட்டால் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, ஒன்றைச் செருகவும் முடியாது. வளையத்தை அறுத்தால் அறுத்தது தெரியும். இவ்வளவு செய்தும் கள்ளச் செப்பேடுகள் இல்லாமல் போகவில்லை. பாதுகாத்தவன் பாதம் என் தலைமேல், கெடுத்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே செய்த பாவமெல்லாம் கொள்வான் என்று ஏடுகளின் கடைசியில் வாழ்த்தும் சாபமும் வருவது பூட்டை நம்பாதவன் போடும் இரண்டாவது தாழ்ப்பாள்.

சரி, கொடுகொள்ளியில் என்னதான் கொடுத்தார்கள்? எல்லை சொல்லும் விதத்தைப் பாருங்கள். கிழக்கு எல்லை, பாலையூர் எல்லைக்கு மேற்கு. தெற்கு எல்லை, பாலையூர் எல்லைக்கு வடக்கு. மேற்கு எல்லை, மணற்பாக்கம், கொள்ளிப்பாக்கம் எல்லைக்குக் கிழக்கு. வடக்கு எல்லை, வேளிமாநல்லூர் எல்லைக்குத் தெற்கு. இந்த நான்குக்கும் நடுவே உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் சேர்த்தி. ஸ்ரீபெரும்புதூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஆவண எழுத்தர் இன்று அடிக்கும் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் இதே நடைதான்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம். பல்லவன் போய், சோழன் போய், நவாபும் கம்பெனியும் போய், 1908-ன் பதிவுச் சட்டம் வந்த பிறகும் இந்த வாக்கியம் மாறவில்லை.

அடுத்தது தண்ணீர். சேயாற்றிலிருந்தும் வேகவதியிலிருந்தும் திரையன் ஏரியிலிருந்தும் வாய்க்கால் வெட்டிக்கொள்ள உரிமை. திரையன் ஏரி என்பது இன்றைய தென்னேரி என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற வழியில் இன்றும் பரந்து கிடக்கிறது அந்த ஏரி. அப்படி வெட்டிய வாய்க்காலில் கூடையால் இறைத்தாலோ, கிளை வெட்டினாலோ, சிறு ஏற்றம் போட்டாலோ தண்டம். சுட்ட செங்கல்லால் வீடும் மாடமும் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த நாளில் அதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. பிளான் அப்ரூவலுக்கு அலைகிறவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். பிறகு கட்ட வேண்டாத வரிகளின் பட்டியல்: செக்கு, தறி, குயவர் கொடுக்கும் காணம், நெய்விலை, துணிவிலை, நல்ல பசு, நல்ல எருது, குவளை நடுவதற்கான வரி என்று நீள்கிறது. ஒரு பல்லவர் கால ஊரில் என்னென்ன தொழில் நடந்தது என்பதற்கு இதைவிட நம்பகமான பட்டியல் கிடைக்காது. வரி போடுகிறவன் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. குளத்துக் குவளைப் பூவும்கூட. நிலைக்களத்தார், அதிகாரர், வாயிற்கேட்பார் ஆகிய அலுவலர்கள் முன்னிலையில் இத்தனையும் முடிந்தது. கொடுகொள்ளி அன்று முதல் ஏகதீரமங்கலம்.

பட்டியல்களுக்கு நடுவே ஓடி மறையும் ஒரு சின்னத் தொடர் உண்டு. முன்பு பெற்றவர்களை மாற்றி இந்தக் கொடை தரப்படுகிறது என்கிறது அது. முன்பு பெற்றவர்கள் யார், எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஏட்டில் ஒரு சொல்லும் இல்லை. விண்ணப்பித்தவர், ஆணத்தி, வாங்கியவர், வாழ்த்துப்பா எழுதியவர் எல்லோருக்கும் பெயர் உண்டு. நிலத்தை விட்டவர்களுக்கு மட்டும் கிடையாது. பத்திரம் வாங்கியவனின் ஆவணம். 1,200 ஆண்டுகள் கழித்து இதே வட்டாரத்தில் தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுக்க 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. அந்த அறிவிக்கைகளில் புல எண், பரப்பு, உடைமையாளர் பெயர் எல்லாம் பொடி எழுத்தில் வரிசையாக வரும். இழப்பீடு போதுமா போதாதா என்ற சண்டை வேறு. பெயர் பதிவாவதே ஒரு முன்னேற்றம் என்று சொல்லத்தான் வேண்டும்; கொடுகொள்ளியின் முன்னாள் உரிமையாளர்களுக்கு அதுகூடக் கிட்டவில்லை.

ஊர் இருந்த இடத்தில் இருந்தது. ஏடு மட்டும் தெற்கே போய்விட்டது. நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிராமணக் குடும்பங்கள் காவிரிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது மூட்டையோடு மூட்டையாக இதுவும் போயிருக்கும் என்பது என் ஊகம். அதிகாரம் மாறி, வரி முறை மாறி, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் போன பிறகு அதற்கு உலோக விலை தவிர வேறு விலை இருந்திருக்காது. உருக்கிப் பாத்திரமாக்காமல் யாரோ வைத்திருந்தார்கள். 1879-க்குப் பிறகு அதற்கு வேறு ஒரு வேலை கிடைத்தது. கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் அதைப் படித்து, மொழிபெயர்த்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் மூன்றாம் பகுதியில் 1895-ல் வெளியிட்டார். பல்லவர் வம்ச வரிசையைச் சரிசெய்ய வரலாற்றாசிரியர்கள் அந்த வடமொழிப் பகுதியைத்தான் ஓடி ஓடிப் பார்த்தார்கள். நிலம் சொல்லும் தமிழ்ப் பகுதி நெடுநாள் இரண்டாம் பட்சமாகவே கிடந்தது. வாங்கியவருக்கு முக்கியமாக இருந்தது எதுவோ அது பின்னுக்குப் போய், அரசன் தன் பெருமைக்காகச் சேர்த்துக்கொண்டது முன்னுக்கு வந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் இன்று ஒரு ஏக்கர் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு வக்கீலைப் பார்க்கப் போகிறார். பதிவு அலுவலகத்தில் கைரேகை, புகைப்படம், இரண்டு சாட்சிகள். காளை முத்திரையும் வளையமும் செய்த வேலையை இவை செய்கின்றன. நாட்டார் நடந்த வேலையைச் செய்யத்தான் ஆளில்லை. பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கு எல்லைக்குள் அடங்கும் பரப்பும் ஒத்துப்போகாவிட்டால், பொதுவாக எல்லையே செல்லும், அளவு செல்லாது என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுவரும் நிலைப்பாடு. பக்கத்து நிலத்துக்காரன் கூண்டேறி, ஆமாம், எனக்கு மேற்கே அவர் நிலம் என்று சொன்னால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. ஆனால் கிழக்கே சிப்காட் சுற்றுச்சுவர், வடக்கே ஆறுவழிச் சாலை, தெற்கே கண்டெய்னர் யார்டு என்று எழுதப்படும் பத்திரங்களில் அப்படிச் சொல்ல எந்தப் பக்கத்தில் யாரைத் தேடுவது? சர்வேயர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும்.